பிரைமரி மாறியது 34 நொடியில், அப்ளிகேஷன் எழுந்தது கால் மணி நேரம் கழித்து

கேள்வி: பிப்ரவரி 3, இரவு 9.40

எங்களிடம் மூன்று சர்வர்களில் போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் ஓடுகிறது: எழுதுவதை ஏற்கும் தலைவர் பிரைமரி, அதை நகலெடுப்பவை ரெப்ளிகாக்கள். தலைமையைத் தீர்மானிக்கும் பேட்ரோனியும், யார் தலைவர் என்ற குறிப்பை வைத்திருக்கும் எட்சிடியும் உள்ளன. அப்ளிகேஷனின் இணைப்புகளைப் பிரைமரிக்கு அனுப்பிவைக்க முன்னால் ஹெச்ஏபிராக்ஸி நிற்கிறது. சனிக்கிழமை பிரைமரி இருந்த ஹோஸ்ட்டின் பவர் சப்ளை போய்விட்டது. பேட்ரோனியின் லாகைப் பார்த்தால் 34 நொடியில் ஒரு ரெப்ளிகா பிரைமரியாகிவிட்டது. ஆனால் அப்ளிகேஷன் கால் மணி நேரத்துக்கு மேல் எந்தப் பதிலும் தராமல் கிடந்து, பிறகு யாரும் எதையும் தொடாமலே சரியாகிவிட்டது. பேட்ரோனியை நம்ப முடியாது என்று எங்கள் மேலாளர் முடிவுகட்டிவிட்டார். லீடர் சாவியின் ஆயுளான டிடிஎல்லை 30 நொடியிலிருந்து 15-ஆகக் குறைத்தால் இது தீருமா?

பதில்: பிப்ரவரி 3, இரவு 10.25

குறைக்காதீர்கள். டிடிஎல் 30, லூப் வெயிட் (பேட்ரோனியின் சுற்றுகளுக்கு இடைவெளி) 10, ரீட்ரை டைம்அவுட் (எட்சிடி பதில் தராவிட்டால் முயலும் நேரம்) 10 என்ற இயல்பு மதிப்புகள் மனம்போன போக்கில் வைக்கப்பட்டவை அல்ல. லூப் வெயிட்டையும் ரீட்ரை டைம்அவுட்டின் இரு மடங்கையும் கூட்டினால் வரும் தொகை டிடிஎல்லைத் தாண்டக் கூடாது என்பது விதி. 10-உம் 20-உம் சேர்ந்து சரியாக 30 ஆகிறது. பிரைமரி திடீரென்று செத்தால், எட்சிடியில் அது வைத்திருந்த லீடர் சாவி காலாவதியாகும் வரை ரெப்ளிகாக்கள் காத்திருந்துதான் ஆக வேண்டும். ஆகவே 34 நொடி என்பது உங்கள் கிளஸ்டர் (இந்தச் சர்வர் கூட்டம்) தன் வேலையை ஒழுங்காகச் செய்ததற்கான சான்று.

கால் மணி நேரத்துக்கு மேல் என்கிறீர்களே, அது சரியாக எவ்வளவு? 15 நிமிடமும் இருபது சொச்சம் நொடியுமாக இருந்தால் குற்றவாளி வேறு.

பிப்ரவரி 4, காலை 6.50

15 நிமிடம் 26 நொடி என்று எழுதியிருக்கிறீர்கள். எதிர்பார்த்ததுதான்.

மின்சாரம் போன இயந்திரம் விடைபெற்றுக்கொண்டு போவதில்லை. புராசஸ் மட்டும் செத்திருந்தால், இயங்குதளத்தின் மையமான கர்னல் இணைப்பை மூடும் செய்தியை மறுமுனைக்கு அனுப்பிவிடும். ஹோஸ்ட்டே போய்விட்டால் அனுப்ப யாரும் இல்லை. மறுமுனையில் இருப்பவர், அனுப்பிய பாக்கெட்டுக்கு ஒப்புகை வரவில்லையே என்று அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார். லினக்ஸில் இதற்கான வரம்பு டிசிபி ரீட்ரைஸ் 2 என்ற அமைப்பில் இருக்கிறது. இயல்பு மதிப்பு 15. முதல் காத்திருப்பு 0.2 நொடி, அடுத்தது 0.4, அதற்கடுத்தது 0.8 என இரட்டித்துக்கொண்டே போய்ப் பத்தாவது காத்திருப்பில் 102.4 நொடியை எட்டும். அதன்பின் உச்சவரம்பான 120 நொடியில் ஆறு முறை. முதல் பத்தின் கூட்டு 204.6, அடுத்த ஆறின் கூட்டு 720, மொத்தம் 924.6 நொடி, அதாவது 15 நிமிடமும் ஏறக்குறைய 25 நொடியும். உங்கள் அப்ளிகேஷன் அந்த நேரம் முழுவதும் இறந்துபோன ஒரு சர்வரின் பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்திருக்கிறது. முன்கூட்டியே திறந்து வைத்திருக்கும் அதன் கனெக்ஷன் பூலில் இருந்த அத்தனை இணைப்புகளும் அப்படியே சிக்கிக்கொண்டதால், நலமாக இருந்த புதிய பிரைமரியிடம் பேச ஒரு இணைப்பும் மிச்சமில்லை.

உங்கள் மேலாளரிடம் இந்தக் கூட்டலைக் காட்டுங்கள்.

பிப்ரவரி 4, காலை 7.15

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். நடுவில் ஹெச்ஏபிராக்ஸி இருப்பதை மறந்து, அப்ளிகேஷனே காத்திருந்தது போல எழுதிவிட்டேன். அப்ளிகேஷனுக்கும் ஹெச்ஏபிராக்ஸிக்கும் இடையிலான இணைப்பு நலமாகவே இருந்திருக்கும். பாக்கெட்டை மீண்டும் மீண்டும் அனுப்பியது ஹெச்ஏபிராக்ஸி ஓடும் இயந்திரத்தின் கர்னல். ஹெச்ஏபிராக்ஸி பழைய பிரைமரி வீழ்ந்ததைச் சில நொடிகளில் கண்டுகொண்டு புதிய இணைப்புகளை உரிய இடத்துக்கு அனுப்பத் தொடங்கியிருக்கும். ஆனால் ஏற்கெனவே நிறுவப்பட்ட இணைப்புகளை அது தானாக வெட்டாது. வீழ்ந்த சர்வரின் அமர்வுகளை மூடச் சொல்லும் 'ஆன் மார்க்ட் டவுன் ஷட்டவுன் செஷன்ஸ்' என்ற சொற்றொடர் உங்கள் அமைப்புக் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்ரோனியோடு வரும் மாதிரிக் கோப்பில் அது உண்டு. கையால் எழுதிய கோப்புகளில் பெரும்பாலும் இருக்காது.

அதோடு, போஸ்ட்கிரஸ் 12 முதல் அதன் கிளையன்ட் நூலகத்திலேயே, ஒப்புகை வராத இணைப்பை எவ்வளவு நேரத்தில் கைவிடுவது என்று சொல்லும் டிசிபி யூசர் டைம்அவுட் என்ற அளபுரு இருக்கிறது. ஹெச்ஏபிராக்ஸி இல்லாமல் நேரடியாக இணைபவர்கள் அதை வைத்துக்கொள்வது நல்லது. சும்மா இருக்கும் இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று சோதிக்கும் கீப்அலைவ் போதாதா என்று கேட்பீர்கள்: அதன் இயல்புக் காத்திருப்பு 7200 நொடி. இரண்டு மணி நேரம்.

பிப்ரவரி 6, இரவு 8.10

ஊருக்கு உபதேசம் செய்தவன் வீட்டில் இன்று அதிகாலை விளக்கு அணைந்தது.

நான் பார்த்துக்கொள்ளும் கிளஸ்டரில் அதிகாலை 2.13-க்கு பிரைமரி மாறிவிட்டது. ஹோஸ்ட் எதுவும் விழவில்லை, எந்தப் புராசஸும் சாகவில்லை, டிஸ்க் நிறையவில்லை. ஜனவரியில் இரண்டு முறை இதே போல நடந்தபோது நெட்வொர்க்கில் ஏதோ விக்கல் என்று கடந்துபோனேன். இப்போதும் எனக்கு அந்தச் சந்தேகம்தான். அந்த நேரத்தில் எட்சிடி உறுப்பினர்கள் ஒருவரோடொருவர் பேச முடியாமல் தங்களுக்குள் இருக்கும் தலைவரை மாற்றிக்கொண்டது லாகில் தெரிகிறது. சுவிட்ச் பராமரிப்பவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை டிடிஎல்லை 60 ஆக்கி வைத்துள்ளேன். காரணமில்லாமல் தலைமை மாறும் தொல்லை உள்ளவர்கள் அதைச் செய்து பார்க்கலாம்.

பிப்ரவரி 9, அதிகாலை 2.51

மீண்டும் மாறியது. டிடிஎல் 60-இல் இருக்கும்போதே. நேரம் 2.11.

பிப்ரவரி 9, பகல் 12.30

தூங்கி எழுந்து லாகை முதல் வரியிலிருந்து படித்தேன். 6-ஆம் தேதிக் குறிப்பில் டிடிஎல்லைப் பற்றி நான் எழுதியதை யாரும் பின்பற்ற வேண்டாம், அது தவறு.

பிரைமரியில் இருந்த பேட்ரோனி எழுதியிருந்த வரியின் பொருள் இது: எட்சிடியை எட்ட முடியவில்லை, நான் லீடராக இருந்தேன், ஆகவே என்னையே பதவி இறக்கிக்கொள்கிறேன். (இப்படி ஒரு காரணம் சொல்லித் தானாகப் பதவியை விட்டு இறங்கியவர் வேறு எங்காவது உண்டா என்று தெரியவில்லை.) சாவி காலாவதியாகி ரெப்ளிகா அதைப் பறித்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். எட்சிடி பதில் தராவிட்டால் பிரைமரி எவ்வளவு நேரம் முயல வேண்டும் என்பதை ரீட்ரை டைம்அவுட் தீர்மானிக்கிறது. அது என்னிடம் 10-ஆகவே இருந்தது. டிடிஎல்லைக் கூட்டி நான் சாதித்தது ஒன்றே ஒன்று: உண்மையிலேயே ஒரு ஹோஸ்ட் செத்திருந்தால் 30 நொடிக்குப் பதில் ஒரு நிமிடம் காத்திருந்திருப்போம்.

நெட்வொர்க்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுவிட்சின் போர்ட் கணக்குகளைப் பக்கம் பக்கமாக அனுப்பியிருக்கிறார்கள். ஒரு பாக்கெட் கூட விழவில்லை. கடைசி வரியில், 'இனி எங்களைச் சொல்வதற்கு முன் உங்கள் டிஸ்க்கைப் பார்க்கவும்' என்று எழுதியிருந்தார்கள். கோபத்தில் சொன்னதாக இருந்தாலும் அதையும் பார்த்துவிடலாம் என்றிருக்கிறேன்.

பிப்ரவரி 11, இரவு 9.05

டிஸ்க்தான்.

எட்சிடியின் உறுப்பினர்களுக்குள் இதயத்துடிப்பு இடைவெளி இயல்பாக 100 மில்லி நொடி. 1000 மில்லி நொடிக்குள் தலைவரிடமிருந்து துடிப்பு வராவிட்டால் மற்றவர்கள் தேர்தலைத் தொடங்கிவிடுவார்கள். எட்சிடி எதை ஏற்றுக்கொண்டாலும் முதலில் அதை டிஸ்க்கில் எழுதி, எழுதியாகிவிட்டது என்று டிஸ்க் உறுதி சொல்லும் வரை காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பு நூற்றுக்கு 99 தடவை 10 மில்லி நொடிக்குள் முடிய வேண்டும் என்பது அதன் ஆவணம் தரும் அளவு. என் கிளஸ்டரில் பகல் முழுவதும் அது 4 மில்லி நொடி. அதிகாலை 2.10-இலிருந்து 2.20 வரை 1.4 நொடி வரை ஏறியிருக்கிறது. மில்லி நொடி அல்ல, நொடி. எட்சிடி பாவம், துடிப்பை உரிய நேரத்தில் அனுப்ப முடியவில்லை, டிஸ்க் மெதுவாக இருக்கலாம் என்று லாகில் தானே எழுதி வைத்திருக்கிறது. தேர்தல் நடந்த வரியைப் படித்த நான் அதற்கு மேலே இருந்த இந்த வரியைப் படிக்கவில்லை.

இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது? பேக்கப். வியாழனும் ஞாயிறும் முழு பேக்கப் ஓடுகிறது. அது சூடுபிடிக்கப் பத்து நிமிடம் ஆகிறது. 6-ஆம் தேதியும் 9-ஆம் தேதியும் அந்தக் கிழமைகள்தான். தரவைக் காக்க வைத்த பேக்கப்பே கிளஸ்டரைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

ஆனால் பேக்கப் ஓடுவது ஒரு சர்வரில்தானே, மற்ற இரண்டு எட்சிடி உறுப்பினர்களும் ஏன் திணறினார்கள் என்பதுதான் என்னை ஒரு மாலை முழுவதும் அலைக்கழித்தது. மூன்றில் இருவர் நலமாக இருந்தால் பெரும்பான்மை கிடைத்துவிடும் அல்லவா? விடை வரைபடத்தில் இல்லை, ஸ்டோரேஜ் பராமரிப்பவரின் எக்செல் தாளில் இருந்தது. எங்கள் மூன்று சர்வர்களும் மூன்று வெவ்வேறு ஹோஸ்ட்களில் ஓடும் விஎம்கள் (மெய்நிகர் இயந்திரங்கள்). மூன்று ஹோஸ்ட்களுக்கும் டிஸ்க் கொடுப்பது ஒரே ஸ்டோரேஜ் பெட்டி. அதில் ஒரே டிஸ்க் தொகுப்பு. பேக்கப் போய் எழுதுவதும் அதே தொகுப்பில்தான். மூன்று வாக்காளர்கள் என்று நான் எண்ணியிருந்தவர்கள், ஒரே வீட்டில் ஒரே குடிநீர்க் குழாயை நம்பி இருந்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் இருந்த உள்ளூர் எஸ்எஸ்டியில் எட்சிடியின் தரவை மாற்றியாயிற்று. டிடிஎல்லை 30-க்கே திருப்பிவிட்டேன். பேக்கப்பின் வேகத்துக்கும் ஒரு வரம்பு வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 12, காலை 7.30

மேலே ஒருவர், பேட்ரோனியின் ஃபெயில்சேஃப் மோடைப் போட்டிருந்தால் இது நடந்தே இருக்காது என்கிறார். 2023-இல் 3.0 பதிப்போடு வந்த வசதி அது. எட்சிடி எட்டாதபோது பிரைமரி மற்ற எல்லா உறுப்பினர்களையும் நேரடியாகக் கேட்கும். எல்லோரும் சரி என்றால் பதவியில் தொடரும். சரியான யோசனை, போட்டுவிட்டேன். ஆனால் அது முன்பே இருந்திருந்தால் டிஸ்க் விஷயம் இன்னும் ஓராண்டு கண்ணில் பட்டிருக்காது.

வாட்ச்டாகைப் பற்றி இன்னொருவர் கேட்டிருந்தார். பேட்ரோனி உறைந்துபோனால் இயந்திரத்தையே மீளத் தொடங்க வைக்கும் காவல்நாய் என்ற அளவில் நல்லதுதான். ஆனால் விஎம்முக்குள் ஓடும் மென்பொருள் வாட்ச்டாகை நம்பி, விஎம்மே ஸ்னாப்ஷாட்டுக்காக (அப்போதைய நிலையைப் படியெடுக்க) நிறுத்திவைக்கப்படும் சிக்கலைத் தீர்க்க முடியாது. வீட்டுக்காரர் மயங்கும்போது நாயும் சேர்ந்தே மயங்கிவிடும்.

பிப்ரவரி 14, இரவு 10.40

9-ஆம் தேதி நடந்ததில் நான் எழுதாமல் விட்ட பகுதி: பதவி இறங்கிய பழைய பிரைமரி கிளஸ்டருக்குள் திரும்பி வரவில்லை.

தலைமை மாறும் ஒவ்வொரு முறையும் போஸ்ட்கிரஸின் டைம்லைன் எண் (வரலாற்றுக் கிளையின் எண்) ஒன்று கூடுகிறது. பழைய பிரைமரி, புதியவர் பிரிந்த இடத்தைத் தாண்டி ஏதாவது எழுதியிருந்தால், அது நேரடியாகப் பின்தொடர முடியாது. பிஜி ரீவைண்ட் என்ற கருவி அதைப் பிரிந்த புள்ளிக்குத் திருப்பிக்கொண்டுவர வேண்டும். அதற்குப் பிரிந்த புள்ளிக்கு முந்தைய வால் கோப்புகள் (மாற்றங்களை வரிசையாகப் பதிந்தவை) கையில் இருக்க வேண்டும். எங்களிடம் அவை ஏற்கெனவே அழிந்திருந்தன. இந்தக் கோப்புகளுக்கு 'வால்' என்று பெயர் வந்தது ஆங்கிலச் சுருக்கத்தால்தான் என்றாலும், தமிழில் அது எவ்வளவு பொருத்தம் என்பதை அன்று உணர்ந்தேன்: வாலை ஒட்ட நறுக்கிவிட்டால் பின்னால் திரும்பிப் போகப் பிடிப்பு இருக்காது. இந்தக் கோப்புகளை எவ்வளவு வைத்திருப்பது என்று சொல்லும் வால் கீப் சைஸை முன்பு இடம் மிச்சம் பிடிக்கக் குறைத்தவன் நான்தான். பிறகு 1.2 டெராபைட்டை முழுவதும் மறுநகல் எடுக்க ஐந்து மணி நேரம் ஆனது.

ஆனால் ரீவைண்ட் வெற்றி பெற்றிருந்தாலும் நான் மகிழ்ந்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. ரீவைண்ட் என்பது பழைய பிரைமரி எழுதி, புதியவரை எட்டாமல் போன மாற்றங்களைத் தூக்கி எறிவது. வாடிக்கையாளரிடம் 'பதிவாயிற்று' என்று நாம் சொல்லிவிட்ட மாற்றங்களும் அதில் இருக்கலாம். பேட்ரோனியில் ரெப்ளிகா எவ்வளவு பின்தங்கியிருந்தால் தலைமைக்குத் தகுதியற்றது என்ற வரம்பின் இயல்பு மதிப்பு 1 மெகாபைட். அதிகபட்ச இழப்பே அவ்வளவுதான் என்று நான் பல ஆண்டுகளாக மற்றவர்களுக்குச் சொல்லிவந்தேன். அதுவும் தவறு. பிரைமரி தன் நிலையை எட்சிடியில் பதிவது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறைதான். கடைசிப் பதிவுக்குப் பின் எழுதப்பட்டவை அந்த 1 மெகாபைட்டுக்கு மேல் சேரும். இழப்பே கூடாது என்றால் சிங்க்ரனஸ் மோடுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு கமிட்டும் (மாற்றத்தை உறுதிசெய்வது) இன்னொரு சர்வரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் விலையைக் கொடுக்க வேண்டும்.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் 2018 அக்டோபர் 21 அன்று நடந்தது இதன் பெரிய உருவம். அங்கே தரவுத்தளம் மைஸ்க்யூஎல், தலைமையை மாற்றும் கருவி ஆர்க்கெஸ்ட்ரேட்டர். அமெரிக்கக் கிழக்குக் கரையில் 43 நொடி மட்டும் இணைப்பு அறுந்தது. ஆர்க்கெஸ்ட்ரேட்டர் தலைமையை மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டது. இணைப்பு திரும்பியபோது கிழக்கில் இருந்த சில எழுத்துகள் மேற்கில் இல்லை, மேற்கில் புதிதாக எழுதப்பட்டவை கிழக்கில் இல்லை. எந்தப் பக்கத்தையும் எறிய மனமில்லாமல், தரவைக் காப்பதையே முதலாகக் கொண்டு அவர்கள் சீர்செய்து முடிக்க 24 மணி 11 நிமிடம் ஆனது. அவர்கள் விரிவாக வெளியிட்ட அறிக்கையை முன்பு படித்தபோது 43 நொடிக்கு ஒரு நாளா என்று சிரித்தேன். நான் 9-ஆம் தேதி மறுநகல் எடுக்கும் முன் பழைய பிரைமரியின் வால் கோப்புகளைத் தனியே எடுத்து வைக்கவில்லை. என்ன இழந்தோம் என்று யாராவது கேட்டால் காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

பிப்ரவரி 19, மாலை 6.20

எட்சிடியை மாற்றியதிலிருந்து தலைமை மாறவில்லை. அதற்குள் வேறொன்று வந்திருக்கிறது.

கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பில் எண்ணைத் தட்டினால் இல்லை என்று வருகிறதாம். அதே பில் அன்றைய பட்டியலில் கண்ணெதிரே நிற்கிறதாம். நான் பார்த்தேன். இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் வரிசைப் பட்டியல்) வழியாகத் தேடினால் இல்லை. இண்டெக்ஸைத் தவிர்த்து அட்டவணை முழுவதையும் துழாவினால் இருக்கிறது. எண்கள் '1-14' என்பது போல இடையில் கோடு உள்ள எழுத்துச் சரங்கள்.

கோடு என்றதும் வயிற்றில் புளி கரைத்தது. எங்கள் பழைய இயங்குதளமான சென்ட்ஓஎஸ் 7-இன் ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்ததால், மூன்றாவது சர்வரை மட்டும் முதலில் புதிய இயங்குதளத்தில் அமைத்திருந்தோம். இயங்குதளத்தின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி, பழையதில் 2.17, புதியதில் 2.28. எழுத்துச் சரங்களை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை போஸ்ட்கிரஸ் பொதுவாக ஜிலிப்சியிடமே கேட்கிறது, 2.28-இல் அந்த வரிசை பெரிதாக மாறியது. '11', '1-1' இரண்டையும் ஆங்கில லொகேலில் (மொழி அமைப்பில்) அடுக்கச் சொன்னால் பழையது '11'-ஐ முன்னால் வைக்கும். புதியது '1-1'-ஐ முன்னால் வைக்கும். இண்டெக்ஸ் பழைய வரிசைப்படி கட்டப்பட்டது. ரெப்ளிகா அதைப் பைட்டுக்குப் பைட் நகலெடுத்தது. 9-ஆம் தேதி தலைமை ஏற்ற மூன்றாவது சர்வர் அதைப் புதிய வரிசைப்படி தேடிக்கொண்டிருக்கிறது. மெய்யெழுத்தை உயிர்மெய்க்கு முன் வைத்துத் தொகுத்த அகராதியை, பின்னால் வைப்பதே முறை என்று கற்றவர் கையில் கொடுத்தது போல: சொல் இருக்கும், அவர் அந்தப் பக்கத்துக்கே போகமாட்டார்.

பத்து நாள். அதற்குள் ஒரே பில் எண் இரண்டு முறை பதிவானவை மூன்று கிடைத்திருக்கின்றன, தனித்தன்மையைக் காக்க வேண்டிய இண்டெக்ஸின் கண்ணெதிரிலேயே. அந்தச் சர்வருக்கு 'நோ ஃபெயில்ஓவர்' என்ற குறியைப் போட்டிருந்தால் அது தலைமைக்கே வந்திருக்காது. ஒரு வரி. தேவையற்ற தலைமை மாற்றம் வெறும் தொல்லைதான் என்று ஜனவரியில் கடந்துபோனவன், அது யாரைத் தலைமைக்குக் கொண்டுவருகிறது என்று யோசிக்கவே இல்லை.

பிப்ரவரி 20, காலை 8.00

இண்டெக்ஸை மறுபடி கட்டினால் போதாதா என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். புதிய சர்வரில் கட்டினால் அது அப்படியே பழைய இரண்டுக்கும் நகலாகும். அங்கே படிக்கும் வினவல்கள் கெடும். மூன்றையும் ஒரே இயங்குதளத்துக்குக் கொண்டுவந்த பிறகே அந்த வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். போஸ்ட்கிரஸ் 15 முதல் தரவுத்தளம் தன் வரிசைப் பதிப்பைக் குறித்து வைத்துக்கொண்டு, மாறியிருந்தால் எச்சரிக்கிறது. எங்களிடம் இருப்பது 13.

மார்ச் 2, பகல் 1.15

மூன்று சர்வர்களும் ஒரே இயங்குதளத்தில். இண்டெக்ஸ்கள் கட்டி முடித்து, அவற்றைச் சோதிக்கும் ஆம்செக் கருவியால் சரிபார்த்தாயிற்று. இரட்டைப் பில்களைக் கணக்குப் பிரிவே தீர்த்துக்கொண்டது. கேள்வி கேட்டவர் அந்த ஹெச்ஏபிராக்ஸி வரியைச் சேர்த்துச் சோதித்ததில் அப்ளிகேஷன் 40 நொடிக்குள் எழுந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். மேலாளர் எதுவும் சொல்லவில்லையாம்.

இன்று காலை 11 மணிக்கு நாங்களும் முன்னறிவிப்போடு பிரைமரி இருந்த ஹோஸ்ட்டின் மின்சாரத்தைத் துண்டித்தோம். 33 நொடியில் தலைமை மாறியது. அப்ளிகேஷனில் பிழை வந்தது 38 நொடிக்கு. பிஜி ரீவைண்ட் இந்த முறை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அதற்கு முன் வால் கோப்புகளையும் எடுத்து வைத்துக்கொண்டேன். இவையெல்லாம் பிறகு நடந்தவை. தலைமை மாறியதும், அந்த ஹோஸ்ட்டை அணைந்தபடியே விட்டுவிட்டு எல்லோரும் தேநீர் குடிக்கக் கிளம்பினோம்.

கடையில் நிற்கும்போது என் கைபேசிக்கு ஓர் அபாயச் செய்தி வந்தது: 'பிரைமரியுடன் தொடர்பு அறுந்தது.' பதறிப்போய்ப் பார்த்தால், நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதிய கண்காணிப்பு ஸ்கிரிப்ட். ஹெச்ஏபிராக்ஸி வழியாகப் போகாமல் பழைய பிரைமரியின் ஐபியையே நேரடியாகப் பிடித்துக்கொண்டு, டைம்அவுட் எதுவும் இல்லாமல் காத்திருந்திருக்கிறது. துண்டித்த நேரத்திலிருந்து செய்தி வந்த நேரம் வரை கணக்கிட்டேன். 15 நிமிடம் 27 நொடி.